கூலன்ட் நக்கிய நாய் தெளிந்துவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டதா?

கேள்வி இதுதான். காருக்கு அடியில் தேங்கியிருந்த பச்சை நிறக் கூலன்ட்டை வீட்டு நாய் இரவில் நக்கிவிட்டது. ஒரு மணி நேரத்தில் போதை ஏறியது போலத் தள்ளாடியது, இரண்டு முறை வாந்தி எடுத்தது, தண்ணீரை விடாமல் குடித்தது. விடிந்ததும் எழுந்து நடக்கிறது, வாலை ஆட்டுகிறது. இனிக் கவலை இல்லை என்று விட்டுவிடலாமா? அதே வீட்டில் பூனையும் இருக்கிறது, அதற்கு எவ்வளவு உள்ளே போனால் ஆபத்து? மருத்துவர் தொலைவில் இருந்தால் வீட்டிலேயே கொஞ்சம் மது ஊற்றிக் கொடுக்கலாமா?

விட்டுவிடக் கூடாது. உங்கள் நாய் இப்போது இந்த நிலையில் இருந்தால், இதைப் படித்து முடிக்கும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். நாயை வண்டியில் ஏற்றுங்கள், போகும் வழியிலேயே மருத்துவமனைக்குப் பேசுங்கள். தெளிந்தது போலத் தெரியும் அந்தச் சில மணி நேரம்தான் இந்த நஞ்சின் மிக மோசமான கட்டம். வெளியே எதுவும் தெரியாது. உள்ளே சிறுநீரகத்தைக் காப்பாற்றும் வாய்ப்பு நிமிடத்துக்கு நிமிடம் குறைந்துகொண்டே போகும். அது ஏன் என்று புரிந்துகொண்டால் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை அதிலேயே கிடைத்துவிடும்.

கல்லீரல் செய்யும் மாற்றம்

ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட், ஆன்டிஃப்ரீஸ் என்று எந்தப் பெயரில் வாங்கினாலும், பெரும்பாலானவற்றின் அடிப்படை எத்திலீன் கிளைக்கால்தான். செறிவாக விற்கும் டப்பாவில் அது 95 சதவீதம் வரை இருக்கும். நீர் கலந்தே விற்கப்படுவதில் ஏறக்குறைய பாதி. மீதமுள்ளவை துருவைத் தடுக்கும் உப்புகளும் சாயமும். பச்சை, ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, நீலம் என்று நிறம் எதுவானாலும் அதை வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

எத்திலீன் கிளைக்கால் ஆல்கஹால் வகையைச் சேர்ந்தது, இனிப்புச் சுவை உடையது. குடல் அதை மிக வேகமாக உறிஞ்சிக்கொள்ளும். ஒன்று முதல் நான்கு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் அதன் அளவு உச்சத்தைத் தொட்டுவிடும். இந்த நிலையில் அது போதை ஏற்றும், வயிற்றைப் புரட்டும், நிறையச் சிறுநீர் கழிக்க வைக்கும். சிறுநீரகத்துக்கு இன்னும் பெரிய கேடு நேர்ந்திருக்காது.

கேடு தொடங்குவது கல்லீரலில். ஆல்கஹால் டீஹைட்ரோஜினேஸ் என்ற நொதி எத்திலீன் கிளைக்காலைக் கிளைக்கோஆல்டிஹைடாக மாற்றுகிறது. அது கிளைக்காலிக் அமிலமாகிறது. இந்த அமிலம் அடுத்த படிக்கு மெதுவாகவே நகரும், அதனால் ரத்தத்தில் குவிந்து அமிலத் தேக்கத்தை உண்டாக்குகிறது. அதன்பின் கிளையாக்சிலிக் அமிலம், கடைசியில் ஆக்சாலிக் அமிலம். ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தோடு சேர்ந்து கால்சியம் ஆக்சலேட் படிகங்களாகிச் சிறுநீரக நுண்குழாய்களில் படிகிறது. குழாய்களின் உட்சுவர்ச் செல்கள் அமிலங்களாலும் படிகங்களாலும் செத்து உதிர்கின்றன. சிறுநீர் குறைகிறது, பிறகு நின்றுபோகிறது.

சிகிச்சை பெறாத நாயின் ரத்தத்தில் எத்திலீன் கிளைக்காலின் அளவு ஏறக்குறைய மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிறது. நாய் தெளிவது இதனால்தான். போதை தந்த பொருளில் ஒரு பகுதி சிறுநீரில் போயிருக்கும், மற்றொரு பகுதி அமிலமாக மாறியிருக்கும். அந்த இரண்டாவது பகுதிதான் கொல்கிறது. அது எவ்வளவு என்பதை நாயின் நடையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, அனுபவமுள்ள மருத்துவராலும் முடியாது.

எவ்வளவு உள்ளே போனால்?

நீர் கலக்காத கூலன்ட்டுக்குப் பாடநூல்கள் தரும் குறைந்தபட்ச உயிர்க்கொல்லி அளவு, நாய்க்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 4.4 முதல் 6.6 மி.லி. வரை. பூனைக்கு ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 1.4 மி.லி. மட்டுமே. அதாவது 10 கிலோ நாய்க்கு 44 மி.லி. போதும். பாதிக்குப் பாதி நீர் கலந்ததென்றால் 90 மி.லி. அளவு, அரை டம்ளர்கூட ஆகாது. 4 கிலோ பூனைக்கு 6 மி.லி.க்கும் குறைவு, ஒரு தேக்கரண்டியைவிடச் சற்றே அதிகம். நீர் கலந்ததானால் ஏறக்குறைய இரண்டேகால் தேக்கரண்டி.

பூனை கூலன்ட்டைக் குடித்திருக்கவே வேண்டியதில்லை. சிந்திய இடத்தில் நடந்துவிட்டுப் பிறகு உட்கார்ந்து பாதங்களையும் வாலையும் நக்கிச் சுத்தம் செய்தாலே கணிசமான அளவு உள்ளே போய்விடும். பூனை எங்கே நடந்தது, எதை நக்கியது என்று வீட்டில் எவரும் பார்த்திருக்க மாட்டார்கள். பூனைகள் இதில் அதிகமாக இறப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேலே சொன்ன எண்களைப் பாதுகாப்பு எல்லையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவை உயிர் போகும் அளவுகள். அதற்குக் கீழேயும் சிறுநீரகம் நிரந்தரமாகக் கெடலாம். உள்ளே போனது எவ்வளவு என்று தெரியாதபோது, உயிருக்கு ஆபத்தான அளவு போயிருக்கிறது என்றே வைத்துக்கொண்டு இயங்க வேண்டும்.

ரேடியேட்டர் மட்டுமே காரணம் என்றும் எண்ண வேண்டாம். கண்ணாடியில் படியும் பனியை நீக்கும் சில திரவங்கள், சில ஹைட்ராலிக் திரவங்கள், ஃபோட்டோ கழுவும் ரசாயனங்கள் சில, கட்டடங்களின் சூடேற்றும் அல்லது குளிரூட்டும் குழாய்ச் சுற்றில் ஓடும் திரவம் ஆகியவற்றிலும் எத்திலீன் கிளைக்கால் இருக்கலாம். கடுங்குளிர் உள்ள ஊர்களில், ஆளில்லாத வீட்டின் குழாய் உறைந்து வெடிக்காமலிருக்கக் கழிவறைக் கோப்பையிலும் கூலன்ட் ஊற்றி வைப்பார்கள். நாய் அதைக் குடித்துவிடும்.

மணிக்கணக்கில் நடப்பது

முதல் கட்டம் அரை மணி நேரத்தில் தொடங்கிப் பன்னிரண்டு மணி நேரம் வரை நீளும். தள்ளாட்டம், பின்னங்கால் பின்னுதல், பாதம் மடங்கி முன்பக்கம் தரையில் படுதல், வாந்தி, மந்தம், உடல் சில்லிடுதல், அளவு மிகுந்தால் வலிப்பு அல்லது மயக்கம். நாய் இந்தக் கட்டத்தில் நிறையத் தண்ணீர் குடிக்கும், நிறையச் சிறுநீர் கழிக்கும். பூனை சிறுநீர் கழிக்கும், ஆனால் பொதுவாகத் தண்ணீர் தேடாது. ஒரு மூலையில் சுருண்டு கிடக்கும், தூங்குகிறது என்று தோன்றும். நாய் நடுவில் தெளிவது போல, பூனை பெரும்பாலும் தெளிவதுகூட இல்லை. மந்தம் அப்படியே சிறுநீரகச் செயலிழப்பில் போய் முடியும்.

பன்னிரண்டு முதல் இருபத்து நான்கு மணி நேரத்தில் மூச்சும் இதயத் துடிப்பும் வேகமாகும். ரத்தத்தில் சேர்ந்த அமிலத்தை ஈடுகட்ட உடல் வேகமாக மூச்சு வாங்குகிறது. வீட்டில் இதைக் கவனிப்பவர்கள் குறைவு, ஏனென்றால் நாய் அப்போது பார்வைக்கு நன்றாகவே இருக்கும்.

பிறகு சிறுநீரகம் விழுகிறது. நாய்க்கு இருபத்து நான்கு முதல் எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள், பூனைக்குப் பன்னிரண்டு முதல் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள். சாப்பாட்டை மறுக்கும், மீண்டும் வாந்தி எடுக்கும், வாயில் புண் வரும், எச்சில் ஒழுகும், வீங்கிய சிறுநீரகத்தால் இடுப்பைத் தொட்டாலே வலிக்கும், சிறுநீர் மிகவும் குறையும் அல்லது அடியோடு நிற்கும். "மூன்று நாள் முன்னால் வாந்தி எடுத்தது, பிறகு சரியாகிவிட்டது, இப்போது மறுபடியும் முடியவில்லை" என்று கொண்டுவரப்படும் நாய்கள் பல இந்தக் கட்டத்தில்தான் வருகின்றன.

வீட்டில் செய்ய வேண்டியது, செய்யக் கூடாதது

மருத்துவமனைக்குத் தொலைபேசியில் இந்த விவரங்களைச் சொல்லுங்கள்: விலங்கின் எடை, நக்கிய நேரம் (தெரியாவிட்டால் கடைசியாக எப்போது நன்றாகப் பார்த்தீர்கள் என்பது), கூலன்ட்டின் பெயர், செறிவானதா கலந்ததா, இப்போதுள்ள அறிகுறிகள். கூடவே ஒரு கேள்வியையும் கேளுங்கள்: இந்த நஞ்சுக்கான மாற்று மருந்தான ஃபோமெபிசோல் அல்லது நரம்பில் செலுத்தும் எத்தனால் அங்கே இருக்கிறதா? இரண்டும் இல்லையென்றால், எங்கே இருக்கிறது என்று அவர்களிடமே கேட்டு நேராக அங்கே போவது நல்லது. முதலில் அருகிலுள்ள இடத்துக்குப் போய், அங்கிருந்து இன்னோர் இடத்துக்கு அனுப்பப்படுவதில் இரண்டு மணி நேரம் போய்விடும். பூனைக்கு மொத்த அவகாசமே மூன்று மணி நேரம்தான்.

கூலன்ட் டப்பாவை அல்லது அதன் லேபிளின் படத்தை எடுத்துச் செல்லுங்கள். வாந்தி எடுத்திருந்தால் ஒரு மூடிய டப்பாவில் கொஞ்சம் சேகரித்துக்கொள்ளுங்கள். பாதத்திலும் மயிரிலும் கூலன்ட் ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டுக் கழுவித் துடையுங்கள், மேலும் நக்காமல் இருக்க. ஆனால் அதற்காகப் புறப்படுவதைத் தள்ளிப்போட வேண்டாம், ஈரத் துணியால் வண்டியிலேயே துடைக்கலாம். வீட்டில் இன்னொரு விலங்கு இருந்தால், அது நக்கியதை யாரும் பார்க்காவிட்டாலும் அதையும் கூடவே கொண்டு செல்லுங்கள்.

வாந்தி எடுக்க வைப்பது நக்கிய முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள்தான் பயன் தரும். விலங்கு முழு உணர்வோடு, தள்ளாட்டமே இல்லாமல் இருந்தால் மட்டும். தள்ளாடும் நாய்க்கு வாந்தி வரவழைத்தால் அது நுரையீரலுக்குள் போய் நிமோனியாவை உண்டாக்கும். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை நாய்க்கு மட்டும், அதுவும் மருத்துவர் தொலைபேசியில் அளவு சொன்னால் மட்டும் கொடுக்கலாம். பூனைக்கு அதைக் கொடுக்கவே கூடாது, இரைப்பைச் சுவர் புண்ணாகி ரத்தம் கசியும். உப்புக் கரைசல் கொடுக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. ரத்தத்தில் சோடியம் ஏறி மூளை பாதிக்கப்படும், எந்த விலங்குக்கும் அது வேண்டாம். பால், எண்ணெய், முட்டை எதுவும் இந்த நஞ்சைக் கட்டுப்படுத்தாது. பல நஞ்சுகளுக்கு உதவும் ஆக்டிவேட்டட் சார்கோல் கரியும் எத்திலீன் கிளைக்காலைச் சரியாகப் பிடிப்பதில்லை.

மருத்துவமனையில்

மற்ற ஊசிகளுக்கு முன்னால் ரத்தமும் சிறுநீரும் எடுக்கப்பட வேண்டும். எத்திலீன் கிளைக்காலைக் கண்டறியும் விரைவுச் சோதனைகள் பல, புரோப்பிலீன் கிளைக்காலையும் கிளிசராலையும் அதுவென்றே காட்டிவிடும். வலிப்பை நிறுத்தப் போடும் டயாசிபாம் ஊசியிலும், சில கரிக் கரைசல்களிலும் புரோப்பிலீன் கிளைக்கால் இருக்கிறது. அவற்றைக் கொடுத்தபின் எடுத்த ரத்தத்தில் வரும் பாசிட்டிவை நம்ப முடியாது. நெகட்டிவையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. பூனையைக் கொல்லும் அளவு சில சோதனைகளின் கண்டறியும் எல்லைக்குக் கீழேயே இருக்கலாம். நேரம் கடந்து வந்த நாயில் எல்லாமே அமிலமாக மாறி, மூலப்பொருள் மிஞ்சாமலும் இருக்கலாம்.

அதனால் மற்றச் சான்றுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆஸ்மோலாலிட்டி (ரத்தத்தில் கரைந்துள்ள துகள்களின் செறிவு) இடைவெளி முதல் மணி நேரத்திலேயே ஏறத் தொடங்கும். உறைநிலை முறையில் அளந்த ஆஸ்மோலாலிட்டியிலிருந்து, கணக்கிட்டதைக் கழித்தால் வருவது அது. சோடியத்தின் இரு மடங்கு, அதோடு குளுக்கோஸை 18ஆல் வகுத்தது, யூரியா நைட்ரஜனை 2.8ஆல் வகுத்தது, இவற்றின் கூட்டுத்தொகைதான் கணக்கிட்ட அளவு. இடைவெளி 10க்குள் இருப்பது இயல்பு. ரத்தத்தில் ஒவ்வொரு 100 மி.கி./டெ.லி. எத்திலீன் கிளைக்காலும் அதை ஏறக்குறைய 16 உயர்த்தும். ஏறக்குறைய மூன்று மணி நேரத்திலிருந்து எதிரயனி இடைவெளி (ரத்தத்தில் அளந்த நேரயனிகளுக்கும் எதிரயனிகளுக்கும் உள்ள வித்தியாசம்) ஏறும், அது கிளைக்காலிக் அமிலத்தின் அடையாளம். நேரம் போகப் போக முதலாவது இறங்கும், இரண்டாவது ஏறும். இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால் விலங்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று புரியும். ஏமாறக்கூடிய இன்னோர் இடமும் உண்டு. சில லாக்டேட் மீட்டர்கள் கிளைக்காலிக் அமிலத்தை லாக்டேட் என்று தவறாக வாசித்து நம்ப முடியாத அளவுக்கு உயர்ந்த எண்ணைக் காட்டும். வேறு காரணம் தெரியாமல் லாக்டேட் மிக உயர்ந்திருந்தால் கூலன்ட்டை நினைக்க வேண்டும்.

சிறுநீரை நுண்நோக்கியில் பார்ப்பது எளிய சோதனை, பல நேரங்களில் அதுவே போதும். கால்சியம் ஆக்சலேட் மோனோஹைட்ரேட் படிகங்கள் பூனையில் மூன்று மணி நேரத்திலும் நாயில் ஐந்தாறு மணி நேரத்திலும் தெரியத் தொடங்கும். தட்டையான, முனை கூர்ந்த ஆறுபக்கப் பட்டைகளாக இருக்கும். உறை போன்ற குறுக்குக் கோடுள்ள டைஹைட்ரேட் படிகம் ஆரோக்கியமான விலங்கிலும் வரலாம், அதை வைத்து முடிவு செய்யக் கூடாது. சிறுநீரின் ஒப்படர்த்தி மூன்று மணி நேரத்திலேயே 1.008 முதல் 1.012 வரை இறங்கியிருக்கும். பல கூலன்ட்களில் கசிவைக் கண்டுபிடிக்க ஃபுளோரசீன் சாயம் சேர்ப்பார்கள். வுட்ஸ் விளக்கின் புற ஊதா ஒளியில் வாய், பாதம், வாந்தி, சிறுநீர் ஆகியவை ஒளிர்ந்தால் சான்று கிடைத்துவிடும். ஒளிராவிட்டால் அதற்கு எந்தப் பொருளும் இல்லை, ஏனென்றால் எல்லாக் கூலன்ட்டிலும் அந்தச் சாயம் இல்லை. அல்ட்ராசவுண்டில் சிறுநீரகப் புறணி வழக்கத்துக்கு மாறாக வெளுத்துத் தெரியும். சில மணி நேரத்திலேயே இது வந்துவிடும்.

சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் யூரியாவும் கிரியேட்டினினும் ரத்தத்தில் இயல்பாக இருக்கின்றன என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புவது மிகப் பெரிய தவறு. நாயில் அவை ஏற ஒன்றரை முதல் இரண்டு நாள் ஆகும். சிகிச்சை தொடங்க வேண்டிய நேரத்தில் அவை இயல்பாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். அவை ஏறிய பிறகு மாற்று மருந்துக்குப் பெரிய பயன் கிடையாது. நக்கியது உறுதி, அல்லது பலமான சந்தேகம் என்றால், எல்லா முடிவுகளும் வரும்வரை காத்திராமல் மாற்று மருந்தைத் தொடங்குவதே சரி.

மாற்று மருந்தின் வேலை அந்த முதல் நொதியை அடைப்பது. நொதி அடைபட்டால் எத்திலீன் கிளைக்கால் அமிலமாகாமல் அப்படியே சிறுநீரில் வெளியேறும். ஃபோமெபிசோல் இதைப் போதை ஏற்றாமல் செய்கிறது. நாய்க்கு முதல் ஊசி ஒரு கிலோவுக்கு 20 மி.கி. நரம்பில், பிறகு 12ஆவது மணியிலும் 24ஆவது மணியிலும் 15 மி.கி., 36ஆவது மணியில் 5 மி.கி. பூனையின் நொதி இந்த மருந்துக்கு எளிதில் அடங்காது. அதனால் பூனைக்கு முதலில் ஒரு கிலோவுக்கு 125 மி.கி., பிறகு 12, 24, 36ஆவது மணிகளில் 31.25 மி.கி. நாயின் அளவைப் பூனைக்குக் கொடுத்தால் பலன் இல்லை. மனிதருக்கான குப்பியும் இதே மருந்துதான். 25 டிகிரிக்குக் கீழே அது உறைந்து கெட்டியாகிவிடும். கையிலோ வெந்நீரிலோ குப்பியைச் சூடாக்கினால் இளகிவிடும், மருந்து கெடுவதில்லை.

நாய்க்கு இதை எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் பிழைக்கும் வாய்ப்பு மிக நன்று. பூனைக்கு மூன்று மணி நேரம்தான். கேள்வியில் சொன்ன நாய் ஏற்கெனவே அந்த எல்லையைத் தாண்டியிருக்கலாம், ஆனாலும் சோதனையில் எத்திலீன் கிளைக்கால் மிஞ்சியிருப்பது தெரிந்தால் மருந்து கொடுக்க வேண்டும். மிஞ்சியதாவது அமிலமாகாமல் போகும்.

ஃபோமெபிசோல் கிடைக்காத இடத்தில் எத்தனால். அதே நொதி எத்திலீன் கிளைக்காலைவிட எத்தனாலையே முதலில் பிடித்துக்கொள்ளும் என்பதுதான் இதன் அடிப்படை. நாய்க்கு 20 சதவீதக் கரைசல் ஒரு கிலோவுக்கு 5.5 மி.லி., நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஐந்து தடவை, பிறகு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நான்கு தடவை. பூனைக்கு ஒரு கிலோவுக்கு 5 மி.லி., ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஐந்து தடவை, பிறகு எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நான்கு தடவை. எல்லாம் நரம்பில், மெதுவாக. விலங்கு ஏறக்குறைய இரண்டு நாளோ அதற்கு மேலுமோ அரை மயக்கத்தில் கிடக்கும். மூச்சு, உடல் வெப்பம், ரத்தச் சர்க்கரை மூன்றையும் விடாமல் கவனிக்க வேண்டும், படுத்த பக்கத்தை மாற்றிவிட வேண்டும்.

வீட்டில் மது கொடுக்கலாமா என்பதற்கு விடை இதிலிருந்தே வருகிறது. நாய் ஏற்கெனவே ஒரு ஆல்கஹாலின் போதையில் இருக்கிறது. அதன்மேல் அளவு தெரியாமல் இன்னொன்றை வாய்வழி ஊற்றினால் மூச்சு அடங்கலாம், வாந்தி நுரையீரலுக்குள் போகலாம், சர்க்கரை விழுந்து வலிப்பு வரலாம். குறைவாகக் கொடுத்தால் நொதி அடைபடாது. கொடுத்துவிட்டோம் என்ற நம்பிக்கை மட்டும் மிஞ்சும். மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் மெத்தனால் இருக்கும், சானிடைசர்களில் வேறு ஆல்கஹால்கள் இருக்கலாம், அவற்றைத் தொடவே வேண்டாம். மருத்துவமனை பல மணி நேரத் தொலைவில் இருந்து, மருத்துவரே தொலைபேசியில் எடையைக் கேட்டு அளவு சொன்னால் மட்டும் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்திருந்தால் அதை மருத்துவமனையில் மறக்காமல் சொல்லுங்கள். ஃபோமெபிசோல் போட்டால் உள்ளே போன மதுவும் உடைபடாமல் நீண்ட நேரம் ரத்தத்தில் நிற்கும், போதை ஆபத்தான அளவுக்கு நீளும். இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதில்லை.

மாற்று மருந்தோடு டிரிப் ஓடும். நீரிழப்பை ஈடு செய்யவும், வெளியேற வேண்டியது சிறுநீரில் வெளியேறவும். ரத்தம் மிகவும் அமிலமானால் சோடியம் பைகார்பனேட். கால்சியம் குறைந்திருந்தாலும் தசைத் துடிப்போ வலிப்போ இல்லாதவரை கால்சியம் ஊசி போட நல்ல மருத்துவர் தயங்குவார், கூடுதல் கால்சியம் கூடுதல் படிகத்துக்கே வழி செய்யும். சிறுநீர் அளவை மணிக்கு மணி அளக்க வேண்டும். டிரிப் ஓடும்போதும் ஒரு கிலோவுக்கு மணிக்கு 1 மி.லி.க்குக் கீழே போனால் சிறுநீரகம் தளர்கிறது என்று பொருள். சிறுநீர் நின்றபின் அதே வேகத்தில் டிரிப்பை ஓட்டினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

சிறுநீரகம் விழுந்துவிட்டால் வழி டயாலிசிஸ் ஒன்றுதான். ஹீமோடயாலிசிஸ், அதாவது ரத்தத்தை இயந்திரத்தின் வழியே செலுத்திச் சுத்தம் செய்வது, எத்திலீன் கிளைக்காலையும் அமிலத்தையும் நேரடியாக வடிகட்டி எடுத்துவிடும், அதனால் சிறுநீரகம் விழுவதற்கு முன்பே செய்தால் இன்னும் நல்லது. எல்லா ஊரிலும் அது கிடைக்காது, செலவும் அதிகம். குழாய்ச் செல்கள் மீண்டும் வளர வாரங்கள் முதல் மாதங்கள் வரை ஆகும். சிறுநீரைச் செறிவாக்கும் திறன் பிறகும் முழுதாகத் திரும்பாமல் போகலாம். டயாலிசிஸ் இல்லாத இடத்தில், சிறுநீர் அடியோடு நின்றுவிட்ட விலங்கு மீள்வது அரிது. அதை மருத்துவர் மறைக்காமல் சொல்ல வேண்டும், வேதனையை நீட்டாமல் இருப்பது பற்றியும் பேச வேண்டும்.

கசிவும் சிந்தலும்

காருக்கு அடியில் ஈரம் தெரிந்தால் முதலில் அது என்ன என்று பாருங்கள். ஏசியிலிருந்து சொட்டுவது நிறமோ மணமோ இல்லாத தண்ணீர். கூலன்ட் வழவழப்பாக, நிறத்தோடு, லேசான இனிப்பு மணத்தோடு இருக்கும். சந்தேகமிருந்தால் இரவில் எஞ்சினுக்கு நேர் கீழே ஒரு வெள்ளை அட்டையை விரித்து, விலங்குகளை வீட்டுக்குள் வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரிசர்வாயர் டேங்கில் மட்டம் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருக்க வேண்டும். மாதத்துக்கு மாதம் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. ஹோஸ் கிளாம்ப்பைச் சுற்றி வெள்ளையாகவோ நிறமாகவோ பொருக்கு கட்டியிருந்தாலோ, வாட்டர் பம்ப்பின் அடியிலுள்ள சிறு துளையில் கறை வடிந்திருந்தாலோ இடம் தெரிந்துவிடும். சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். பொங்கி வரும் கூலன்ட் உங்களைச் சுடும், தரையெங்கும் சிந்தவும் செய்யும்.

கூலன்ட் மாற்றும்போது வாய் அகன்ற தட்டை அடியில் வைத்து வடியுங்கள், வடித்ததை உடனே மூடியுள்ள கேனுக்கு மாற்றிப் பெயர் எழுதி ஒட்டுங்கள். திறந்த தட்டை வைத்துவிட்டு மதிய உணவுக்குப் போகும் இடைவெளியில்தான் நாய்கள் நக்குகின்றன. குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்க வேண்டாம், அது குழந்தைக்கும் ஆபத்து. பழைய கூலன்ட்டில் ஈயம் போன்ற உலோகங்களும் சேர்ந்திருக்கும், சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாமல் பழைய ஆயிலை எடுத்துக்கொள்ளும் பணிமனையிடம் கொடுங்கள்.

சிந்தியதன் மேல் தண்ணீரை ஊற்றிவிட்டால் போதும் என்று நினைப்பது பொதுவான பிழை. பரப்பு அதிகமாகும், இனிப்பு அப்படியே இருக்கும். முதலில் மணலோ மரத்தூளோ பூனைக் கழிவு மணலோ தடித்த அடுக்காகக் கொட்டி ஊற விடுங்கள். கூட்டி எடுத்து உறையில் கட்டி மூடிய குப்பைத் தொட்டியில் போடுங்கள். இன்னொரு முறையும் அப்படியே. பிறகு சோப்பு நீரால் தேய்த்து, அந்த நீரையும் துணியில் ஒற்றி எடுத்துவிட்டு, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். காயும்வரை விலங்குகளை அந்தப் பக்கம் விட வேண்டாம்.

கசப்பூட்டிய கூலன்ட் என்று போட்டிருந்தால் அதை முழுப் பாதுகாப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டெனடோனியம் பென்சோயேட் என்ற கசப்புப் பொருளைச் சேர்க்க அமெரிக்காவின் சில மாநிலங்களில் சட்டம் வந்தது, 2012 முதல் அங்குள்ள உற்பத்தியாளர்கள் சில்லறை விற்பனைக்கு வருவதில் தாங்களாகவே சேர்க்க ஒப்புக்கொண்டார்கள். ஆனால் கசப்பை எல்லா நாயும் ஒரே அளவில் வெறுப்பதில்லை, பாதத்தை நக்கும் பூனையைக் கசப்பு தடுக்கும் என்றும் உறுதியில்லை.

புரோப்பிலீன் கிளைக்காலை அடிப்படையாகக் கொண்ட கூலன்ட் நல்ல மாற்று. அது உடலில் லாக்டிக் அமிலமாக மாறுகிறது, ஆக்சலேட் ஆவதில்லை, சிறுநீரகத்தில் படிகம் சேராது. வாங்குவதற்கு முன் உங்கள் வண்டியின் கையேடு அதை ஏற்கிறதா என்று பாருங்கள், பழைய கூலன்ட்டை முழுதாக வடித்துச் சுற்றைக் கழுவிவிட்டு ஊற்றுங்கள். நஞ்சே இல்லாதது என்று அதை எண்ணிவிடவும் கூடாது. நிறையக் குடித்த நாய்க்குப் போதையும் அமிலத் தேக்கமும் வரும், பூனைக்கு ரத்தச் சிவப்பணுக்களும் கெடும். அமெரிக்காவில் 1996இல் பூனை உணவில் புரோப்பிலீன் கிளைக்கால் சேர்ப்பதைத் தடை செய்தது அந்தக் காரணத்துக்காகத்தான். அதை நக்கிய விலங்கையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும், லேபிளைக் கையில் எடுத்துக்கொண்டு.